எக்கோ அறிக்கையில் 45 சதவீதம்: இதயத்தின் உந்துதிறன் சற்றுக் குறைந்தால்

எக்கோ பரிசோதனை முடிந்து அறிக்கை கைக்கு வந்தவுடன் பெரும்பாலோரின் பார்வை 'இ.எஃப்.' என்ற எழுத்துகளுக்கு எதிரே உள்ள எண்ணில்தான் நிற்கிறது. அங்கே 45 சதவீதம் என்று இருந்தால் அதைத் தேர்வு மதிப்பெண்ணைப் போலப் படித்து, "பாதிக்கு மேல் இதயம் போய்விட்டதா, டாக்டர்?" என்று கலங்குவோர் உண்டு. அதே எண்ணைக் கண்டு, "சற்றுத்தானே குறைந்திருக்கிறது" என்று மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுவோரும் உண்டு. எங்களுக்கு இரண்டாமவரைப் பற்றியே கவலை அதிகம்.

இதயத்தின் இடது கீழறை, தன்னுள் நிறைந்த இரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் வெளியேற்றுவதில்லை. 100 மில்லி இரத்தம் நிறைந்ததாக வைத்துக்கொண்டால், நலமான இதயமும் ஏறத்தாழ 55 முதல் 70 மில்லி வரையே உடலுக்கு அனுப்பும். எஞ்சியது உள்ளேயே தங்கும். ஆகவே 45 என்ற எண்ணை 60 என்ற எண்ணோடு ஒப்பிட வேண்டுமேயன்றி, நூறோடு ஒப்பிடலாகாது.

இந்த விகிதம் 40 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் உந்துதிறன் குறைந்த இதயச் செயலிழப்பு என்றும், 50 அல்லது அதற்கு மேல் இருந்தும் நோயின் அறிகுறிகள் காணப்பட்டால் உந்துதிறன் குறையாத இதயச் செயலிழப்பு என்றும் வகுக்கிறோம். இடைப்பட்ட 41 முதல் 49 வரையுள்ளதே 'சற்றுக் குறைந்த' வகை. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2016ஆம் ஆண்டில்தான் இந்த இடைநிலைக்குத் தனிப்பெயர் தந்தது. அப்போது 'நடுத்தர' என்றிருந்த பெயர் 2021இல் 'சற்றுக் குறைந்த' என மாறியது. அதுவரை பெரிய மருந்து ஆய்வுகள் பலவும் 40க்குக் கீழே இருந்தவர்களையே சேர்த்துக்கொண்டதால், நடுவில் நின்றவர்களுக்குரிய சான்றுகள் மிகக் குறைவாகவே இருந்தன.

'செயலிழப்பு' என்ற சொல்லுக்கு இதயம் நின்றுவிட்டது என்று பொருளன்று. உடலின் தேவைக்கு ஈடுகொடுக்க இதயம் திணறுகிறது என்பதே பொருள். எண்ணை மட்டும் வைத்து இந்நோயை நாங்கள் உறுதிசெய்வதும் இல்லை. மூச்சிரைப்பு, கால்வீக்கம், எளிதில் சோர்வு ஆகியவற்றோடு இரத்தப் பரிசோதனை முடிவையும் சேர்த்தே முடிவுசெய்கிறோம். மேலும், ஒரே இதயத்தை இருவர் அளந்தாலும் ஐந்தாறு புள்ளிகள் வேறுபடுவது இயல்பு. சென்ற முறை 48, இம்முறை 45 என்பதற்காக உறக்கத்தை இழக்க வேண்டியதில்லை.

எண்ணைவிட முக்கியமானது அது எங்கிருந்து வந்தது என்பதே. மூவருக்கு 45 சதவீதம் இருக்கலாம். ஒருவர் மாரடைப்புக்குப் பின் அந்நிலையிலேயே நிலைத்திருப்பவர். மற்றொருவர் 60இல் இருந்து இறங்கிக்கொண்டிருப்பவர். அவருக்கு இதய இரத்தக்குழாய் அடைப்பு, கட்டுப்படாத இரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு, மதுப்பழக்கம் போன்ற காரணம் எதுவெனத் தேட வேண்டும். மூன்றாமவர் 30இல் இருந்து சிகிச்சையால் ஏறி வந்தவர். தாம் குணமடைந்துவிட்டதாக அவர் எண்ணுவது இயல்பே. ஆனால் அவரைத் தாங்கிப் பிடித்திருப்பவை அந்த மாத்திரைகள்தாம்.

இதனை நேரடியாகச் சோதித்த ஆய்வொன்று லண்டனில் நடந்து, 2018ஆம் ஆண்டின் இறுதியில் வெளியானது. இதயத்தசை விரிவடையும் நோயிலிருந்து மீண்டு, விகிதம் 50க்கு மேல் உயர்ந்து, எந்தத் தொல்லையும் இல்லாதிருந்த 51 பேர் அதில் பங்கேற்றனர். கண்காணிப்பின்கீழ் மருந்துகளைப் படிப்படியாக நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதங்களுக்குள் நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்த 26 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. சிறிய ஆய்வுதான், எனினும் "நன்றாகிவிட்டதே, நிறுத்தலாமா?" என்று கேட்போருக்கு நாங்கள் முதலில் சொல்வது இதையே.

மருந்துகளில் ஒன்றைப் பற்றி மட்டும் அடிக்கடி கேள்வி எழுகிறது: "எனக்குச் சர்க்கரை நோய் இல்லையே, ஏன் சர்க்கரை மாத்திரை?" டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை முதலில் நீரிழிவுக்காகவே வந்தவை. விகிதம் 40க்கு மேல் உள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் இவை பயன் தருகின்றன என்பதை 2021, 2022ஆம் ஆண்டுகளில் வெளியான இரு பெரிய ஆய்வுகள் காட்டின. நீரிழிவு இல்லாதவர்களுக்கும் மருத்துவமனைச் சேர்க்கை குறைந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு, பட்டினி விரதம், அறுவைச் சிகிச்சை ஆகிய வேளைகளில் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். அப்போது எங்களைக் கேளுங்கள். பீட்டா தடுப்பு மாத்திரைகளையோ திடீரென்று ஒருபோதும் நிறுத்தலாகாது.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுள் தலையாயது எடை பார்ப்பது. காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், அதே எடைக்கருவியில் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது பெரும்பாலும் உடலில் தேங்கும் நீரே, உடனே அழையுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றைத் தொடர்ந்தால் பயனில்லை. இந்துப்பு பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் தவறு. அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பவற்றில் பொட்டாசியம் இருப்பதால், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை உட்கொள்வோருக்கு அது ஆபத்தாகலாம். மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் தாமே வாங்கும் டைக்குளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடலில் நீரைத் தேக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். மாதக்கணக்கில் சீராக இருந்தவர் ஒரு வார வலிமாத்திரையால் படுக்கையில் விழுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

நோயாளி சொல்லுமுன்பே குடும்பத்தார் கண்டுகொள்பவை சில உண்டு: ஒரு தலையணையில் உறங்கியவர் இரண்டு கேட்பது, இரவில் இருமி எழுந்து உட்காருவது, செருப்பு இறுக்குகிறது என்பது, மாடிப்படியின் நடுவில் நின்றுவிடுவது. இவற்றை "வயதாகிவிட்டது" என்று ஒதுக்காதீர்கள். அமர்ந்திருக்கையிலும் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஆகியன வந்தால் அழைத்துக் கேட்டுக்கொண்டிராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எடைக் குறிப்பேட்டையும், இப்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும், வேறிடத்தில் எடுத்ததாயினும் பழைய எக்கோ அறிக்கைகள் அனைத்தையும் கொண்டுவாருங்கள். இன்றைய 45 ஏறி வந்ததா, இறங்கி வந்ததா என்பதை எங்களுக்குக் காட்டுபவை அந்தப் பழைய தாள்களே.