ஜிஆர்இ தேர்வின் கணிதப் பகுதிக்குத் தயாராதல்

ஜிஆர்இ பொதுத் தேர்வு என்பது அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் முதுகலை, முனைவர் படிப்புகளில் சேர விரும்புவோர் எழுதும் நுழைவுத் தேர்வு ஆகும். இதை ஈடிஎஸ் நிறுவனம் நடத்துகிறது. மொழித்திறன், கணிதத்திறன், பகுப்பாய்வு எழுத்து ஆகிய மூன்றும் இதில் சோதிக்கப்படுகின்றன. இக்கட்டுரை கணிதத்திறன் பகுதியையும் அதற்குத் தயாராகும் முறையையும் விளக்குகிறது.

தேர்வின் அமைப்பு

2023 செப்டம்பரில் இத்தேர்வு சுருக்கப்பட்டது. இப்போது முழுத் தேர்வுக்கும் 1 மணி 58 நிமிடம் மட்டுமே. கணிதத்தில் இரண்டு பிரிவுகள் உள்ளன. முதல் பிரிவில் 12 வினாக்களுக்கு 21 நிமிடமும், இரண்டாம் பிரிவில் 15 வினாக்களுக்கு 26 நிமிடமும் தரப்படுகின்றன. அதாவது ஒரு வினாவுக்குச் சராசரியாக ஒன்றே முக்கால் நிமிடம். மதிப்பெண் 130 முதல் 170 வரை வழங்கப்படும்.

முதல் பிரிவை எப்படி எழுதினோம் என்பதைப் பொறுத்து இரண்டாம் பிரிவின் கடினம் அமையும். ஆகவே முதல் பிரிவில் கவனக்குறைவால் வரும் பிழைகள் இறுதி மதிப்பெண்ணைக் கூடுதலாகப் பாதிக்கக்கூடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால், தெரியாத வினாவையும் வெறுமனே விடக்கூடாது.

பாடத்திட்டம்

எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுப் பகுப்பாய்வு என நான்கு பகுதிகள் உள்ளன. முக்கோணவியலும் நுண்கணிதமும் கேட்கப்படுவதில்லை. பெரும்பாலானவை பள்ளியில் படித்தவையே. வகுத்தி, மடங்கு, பகா எண், சதவீதம், விகிதம், அடுக்குகள், சமன்பாடுகள், முக்கோணம், வட்டம், சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், நிகழ்தகவு ஆகியவை முக்கியமானவை.

பொறியியல் படித்தவர்கள் "இது எட்டாம் வகுப்புக் கணக்குதானே" என்று எண்ணிப் பயிற்சியைத் தள்ளிப்போடுவதுண்டு. ஆனால் இத்தேர்வு பெரிய சூத்திரங்களைக் கேட்பதில்லை. எளிய கருத்துகளைப் பிழையின்றிக் கையாளத் தெரியுமா என்றே பார்க்கிறது.

வினா வகைகள்

ஒரே விடையைத் தேர்வு செய்வது, ஒன்றோ பலவோ ஆன விடைகளைத் தேர்வு செய்வது, விடையை எண்ணாகத் தட்டச்சு செய்வது, இரு அளவுகளை ஒப்பிடுவது என நான்கு வகைகள் உண்டு. பல விடை வினாவில் சரியான அனைத்தையும் தேர்ந்தெடுத்தால்தான் மதிப்பெண். பாதி மதிப்பெண் கிடையாது.

ஒப்பீட்டு வினாவில் அளவு அ பெரியதா, அளவு ஆ பெரியதா, இரண்டும் சமமா, தீர்மானிக்க இயலாதா என்று கூற வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு மிகை எண்ணின் வர்க்கம் அளவு அ; அதே எண்ணின் கனம் அளவு ஆ. எண் 2 எனில் வர்க்கம் 4, கனம் 8, ஆ பெரியது. எண் அரை எனில் வர்க்கம் கால், கனம் அரைக்கால், அ பெரியது. எனவே தீர்மானிக்க இயலாது என்பதே விடை. முழு எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தவர் இங்கே தவறுவார். வினாவின் நிபந்தனைக்கு உட்பட்டு 0, 1, பின்னம், குறை எண் ஆகியவற்றையும் சோதிப்பது நல்ல பழக்கம்.

அடிக்கடி நேரும் பிழைகள்

* 0 ஓர் இரட்டை எண் என்பதையும், 1 பகா எண் அல்ல என்பதையும் மறத்தல்.
* ஓர் எண்ணின் வர்க்கம் 9 எனில் அந்த எண் 3 அல்லது -3. ஆனால் வர்க்கமூலக் குறியிட்ட 9 என்பது 3 மட்டுமே.
* 100 ரூபாய்ப் பொருளின் விலை 25 சதவீதம் ஏறி, பின்பு 25 சதவீதம் இறங்கினால் பழைய விலைக்கே வரும் என்று எண்ணுதல். உண்மையில் 125 ஆகி, பின் 93.75 ஆகிறது.
* வடிவியல் படத்தைக் கண்ணால் அளந்து முடிவு செய்தல். அப்படங்கள் அளவுக்கேற்ப வரையப்பட்டிருக்க வேண்டியதில்லை.

தயாராகும் முறை

முதலில் ஈடிஎஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பவர்பிரெப் மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பார்க்க வேண்டும். எந்தப் பகுதியில் பலவீனம் என்று அதில் தெரிந்துவிடும். பிறகு பகுதிவாரியாகப் படித்து, தவறிய வினாக்களுக்குத் தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். கருத்து தெரியாததால் வந்த தவறா, வினாவைச் சரியாகப் படிக்காததால் வந்த தவறா, நேரம் போதாமல் வந்த தவறா என்று பிரித்து எழுதினால் எதைத் திருத்த வேண்டும் என்பது விளங்கும். இன்னொரு மாதிரித் தேர்வைக் கடைசி வாரங்களுக்கு ஒதுக்கி வைப்பது நல்லது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்குக் கணக்கு தெரிந்திருந்தும் ஆங்கிலச் சொல் தடையாகலாம். மீதிக்கு ரிமைண்டர், முழு எண்ணுக்கு இன்டிஜர், இடைநிலைக்கு மீடியன் என்று ஒரு சொற்பட்டியலை முதல் வாரத்திலேயே எழுதிப் பழகினால் இத்தடை நீங்கும்.

கணிப்பான் திரையிலேயே தரப்படும். சொந்தக் கணிப்பானுக்கு அனுமதி இல்லை. சிறு கணக்குகளை மனத்தில் போடுவதே விரைவானது. ஒரு வினாவில் இரண்டு நிமிடத்துக்கு மேல் சிக்கிக்கொண்டால் அதைக் குறியிட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அப்பிரிவின் நேரம் முடியும் முன் திரும்பி வரலாம்.

மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். எதிர்பார்த்த மதிப்பெண் வராவிட்டால் 21 நாள் இடைவெளி விட்டு மீண்டும் எழுதலாம். ஆனால் தேர்வுக் கட்டணம் அதிகம் என்பதால், முதல் முறையே முழுமையாகத் தயாராகிச் செல்வது சிறந்தது.