லா கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்

லா கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல் என்பது பிரான்சிய ஓவியர் ஜார்ஜ் சூரா (1859–1891) 1884 முதல் 1886 வரை வரைந்த நெய்வண்ண ஓவியம் ஆகும். பாரிசு நகரை அடுத்து, செய்ன் ஆற்றில் அமைந்த தீவொன்றில் மக்கள் ஓய்வுநாளைக் கழிப்பதை இது காட்டுகிறது. ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட இவ்வோவியம், அமெரிக்காவின் சிக்காகோ கலை நிறுவனத்தில் உள்ளது.

காட்சி

ஆற்றங்கரைப் புல்வெளியில் பலதரப்பட்ட மக்கள் காணப்படுகின்றனர். இடப்புறம் கையில்லாத சட்டை அணிந்த ஒருவர் புகைக்குழாயுடன் சாய்ந்திருக்கிறார். அவருக்கு அருகில் உயர்ந்த தொப்பியும் கைத்தடியும் உடைய கனவான் ஒருவர் அமர்ந்திருக்கிறார். வலப்புறம் குடை பிடித்த பெண், கயிற்றில் கட்டிய குரங்கொன்றை வைத்திருக்கிறார். தூண்டில் போடும் பெண், ஊதுகொம்பு வாசிப்பவர், படைவீரர் இருவர் ஆகியோரும் உள்ளனர். பெரும்பாலோர் பக்கத்தோற்றத்தில், அசைவின்றி, ஒருவரையொருவர் நோக்காமல் இருக்கின்றனர். நடுவில் உள்ள வெள்ளை உடைச் சிறுமி மட்டும் பார்வையாளரை நேராக நோக்குகிறாள்.

வரைமுறை

சூரா தீவுக்குப் பலமுறை சென்று முன்வரைவுகள் பலவற்றை உருவாக்கினார். வண்ணங்களைத் தட்டில் கலக்காமல், தூய வண்ணங்களைச் சிறு புள்ளிகளாக அருகருகே இட்டார். தொலைவிலிருந்து பார்க்கையில் அவை கண்ணில் இணைந்து தோன்றும் என்பது இம்முறையின் அடிப்படை. வேதியியலாளர் செவ்ரலின் நிறமுரண் பற்றிய ஆய்வுகள் இதற்குத் துணைபுரிந்தன. சூரா பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் காலப்போக்கில் பழுப்பாக மாறியதால், புல்வெளி முன்பிருந்த பொலிவை ஓரளவு இழந்துவிட்டது.

ஓய்வும் சமூகமும்

சூராவின் முந்தைய பேரோவியமான அஸ்னியேரில் குளிப்போர் (1884), ஆற்றின் எதிர்க்கரையில் தொழிலாளர்கள் இளைப்பாறுவதைக் காட்டுகிறது. அதன் பின்னணியில் ஆலைப் புகைபோக்கிகள் தெரிகின்றன. இதனால் இரு ஓவியங்களையும் இரு கரைகளாகவும் இரு வர்க்கங்களாகவும் இணைத்துப் பார்ப்பவர்கள் உள்ளனர். ஆயினும் தீவில் உள்ளோர் அனைவரும் செல்வந்தர்கள் அல்லர்.

பிரான்சில் ஞாயிறு ஓய்வைக் கட்டாயமாக்கிய 1814 ஆம் ஆண்டுச் சட்டம் 1880 இல் நீக்கப்பட்டது. வார ஓய்வு மீண்டும் சட்டமானது 1906 இல் ஆகும். எனவே, ஓவியம் வரையப்பட்ட காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது தொழிலாளர் பலருக்குச் சட்ட உறுதி இல்லாத ஒன்றாக இருந்தது குறிப்பிடத்தக்கது.

செருமானிய மெய்யியலாளர் ஏர்ன்ஸ்ட் பிளாக் இவ்வோவியத்தில் மகிழ்ச்சியை அன்றிச் சலிப்பையே கண்டார். வேறு சிலரோ உருவங்களின் அசைவின்மையில் பண்டைய எகிப்திய, கிரேக்கச் சிற்பங்களுக்குரிய அமைதியைக் காண்கின்றனர். ஓய்வுநாள் கிடைத்தாலும் அது உண்மையான இளைப்பாறலாக அமைகிறதா என்ற கேள்வியை இவ்வோவியம் விடையின்றி விட்டுவிடுகிறது எனலாம்.

பிற்கால வரலாறு

1886 மே மாதம் உணர்வுப்பதிவுவாதிகளின் எட்டாவது, இறுதிக் கண்காட்சியில் இது வைக்கப்பட்டது. 1924 இல் பிரெடரிக் கிளே பார்ட்லெட் இதனை வாங்கினார். 1926 இல் இது சிக்காகோ கலை நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. 1958 இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டிருந்தபோது அங்கு ஏற்பட்ட தீ விபத்திலிருந்து இது சேதமின்றித் தப்பியது.