முதல் பத்துக் கிலோமீட்டரின் கந்துவட்டி

ஆனி, ஆடி மாதத்து விடியற்காலையில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஓடிப் பாருங்கள். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்தான். மேலகரம் தாண்டுவதற்குள் கணவாய் வழியாக இறங்கிவரும் மேல்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். கூடவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஏற்றம். கடிகாரம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 20 விநாடி என்று காட்டும். மூச்சோ 5 நிமிட வேகத்துக்கு இரைக்கும். பேரருவிப் பக்கம் போய்த் திரும்பினால் அதே காற்று முதுகைத் தாங்கிக்கொள்ளும். இப்போது 4.50 காட்டும். உழைப்பு ஒன்றுதான், வேகம் வேறு.

போகும்போதும் 5 நிமிடத்தில்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தால் என்ன ஆகும்? எதிர்க்காற்றில் இழந்ததைத் திரும்பும்போது காற்று முழுவதுமாகத் தராது. காற்றின் எதிர்ப்பு, நாம் அதைக் கிழித்துப் போகும் வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. அதனால் எதிர்க்காற்று பிடுங்குவது அதிகம், பின்காற்று கொடுப்பது கொஞ்சம். தென்காசிப் பையன்களுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை, தொடைகளுக்கே தெரியும். ஆனால் இதே பையன்கள் வெளியூர் மாரத்தானில் நெஞ்சில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு நின்றதும் மறந்துவிடுகிறார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஆளுக்கு முன்னால் பறப்பார்கள். 30-வது கிலோமீட்டரில் இடுப்பில் கைவைத்து நடப்பார்கள்.

பறப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. பறப்பது எப்போது கணக்கு, எப்போது வெறும் ஆசை என்பதுதான் விஷயம்.

முதலில் உடம்பின் இருப்பைப் பார்ப்போம். ஓடுவதற்கு ஆகும் செலவு, தோராயமாக, ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டர் ஓட 2,500 கலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தாகச் சேர்ந்திருப்பது 2,000 கலோரிக்கு அருகில்தான் இருக்கும். மிச்சத்தைக் கொழுப்பு தருகிறது. கொழுப்பு ஏராளமாக இருந்தாலும் மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக்கூட உடம்பு மாவுச்சத்தையே அதிகம் கேட்கும். ஆக, கிலோமீட்டருக்குப் பத்து விநாடி வேகமாக ஓடினால் செலவின் அளவு பெரிதாக மாறாது. எந்தப் பையிலிருந்து எடுக்கிறோம் என்பதுதான் மாறும். சின்னப் பை 30, 32 கிலோமீட்டர் வாக்கில் காலியாகும்போது கால்கள் சட்டென்று கல்லாகிவிடும். ஓட்டக்காரர்கள் ‘சுவரில் மோதுவது’ என்பது இதைத்தான். (முந்தின இரவு பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் அடித்துவிட்டு அதை மாவுச்சத்து ஏற்றும் ‘கார்போ லோடிங்’ என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. அதில் எண்ணெய்தான் அதிகம். பரிசு வாங்கியபிறகு போகலாம்.)

இனி ரூபாய் பைசாக் கணக்கு. மூன்று மணி நேரத்தில் முடிக்க நினைப்பவருக்குக் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 16 விநாடி தேவை. முதல் பாதியை 4.06-ல் ஓடினால் சேமிப்பு மூன்றரை நிமிடம். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் கால் விட்டுப்போய் 5.30-க்கு வந்துவிட்டால் இழப்பு பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். மூன்றரை ரூபாய் வாங்கிப் பன்னிரண்டு ரூபாய் கட்டுகிறோம். கந்துவட்டி எப்படிப்பட்டது என்று நம் திருநெல்வேலி, தென்காசிச் சீமைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் யாருமே இந்தக் கடனை வாங்கக் கூடாதா? நேரத்துக்காக மட்டும் ஓடுகிறவர் வாங்காமல் இருப்பது நல்லது. இடத்துக்காக ஓடுகிறவரின் நிலைமை வேறு. அவருக்கு 2 மணி 40 நிமிடமோ 2 மணி 45 நிமிடமோ பொருட்டில்லை. முன்னால் எத்தனை பேர் என்பதே பொருட்டு. எதிரில் ஓடுகிறவனும் மனிதன்தான், அவனும் பயப்படுவான், அவனும் தப்புக்கணக்குப் போடுவான். அந்தத் தப்புக்கணக்கின்மேல்தான் பந்தயம் கட்டப்படுகிறது.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் சிவ்நாத் சிங். பீகாரின் பக்சர் பக்கத்துக் கிராமத்துக்காரர், ராணுவத்தில் இருந்தவர், வெறுங்காலில் ஓடிப் பெயர் எடுத்தவர். 1974 தெஹ்ரான் ஆசியப் போட்டியில் 5,000 மீட்டர் தங்கம் அவருடையது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் முற்பகுதி முழுக்க அவர் முன்னணிக் கூட்டத்தோடு ஓடினார். யார் யாரோடு என்று பாருங்கள்: நடப்புச் சாம்பியன் ஃபிராங்க் ஷார்ட்டர், அமெரிக்காவின் பில் ராட்ஜர்ஸ், அதே ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றுவிட்டு வந்திருந்த பின்லாந்தின் லாஸ்ஸே வீரன், கிழக்கு ஜெர்மனியின் வால்டெமார் சியர்பின்ஸ்கி. மழை வேறு. ஷார்ட்டர் அடிக்கடி வேகத்தைக் கூட்டிக் கூட்டத்தைச் சிதறடித்தார். கடைசியில் சியர்பின்ஸ்கி அவரையும் உதறிவிட்டு 2 மணி 9 நிமிடம் 55 விநாடியில் தங்கத்தை எடுத்தார். ஆரம்பத்தில் வேகத்தை ஏற்றிவிட்டவர்களில் ஒருவரான ராட்ஜர்ஸ் 40-வது இடத்துக்குப் போய்விட்டார். சிவ்நாத் 2 மணி 16 நிமிடம் 22 விநாடி எடுத்து 11-வது இடம் பிடித்தார்.

தோல்விதானே என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தன்னைவிட வேகமானவர்கள் நடுவே முன்னால் ஓடியும் அவர் நொறுங்கி விழவில்லை. இரண்டு ஆண்டு கழித்து 1978-ல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுகள் தாண்டியும் தேசிய சாதனையாக நின்றது. அதே மனிதர் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓட்டத்தை முடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாரத்தான் பழைய வரவை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

ஒரே துணிச்சல் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக முடிந்ததைப் பார்க்க 2008 பெய்ஜிங்குக்குப் போக வேண்டும். ஆகஸ்ட் வெயில், ஒலிம்பிக் மாரத்தான். எல்லோரும் மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் மோதிக்கொள்வார்கள் என்பதே எதிர்பார்ப்பு. 21 வயது கென்யர் சாமுவேல் வான்ஜிரு முதல் ஐந்து கிலோமீட்டரை 15 நிமிடத்துக்குள் முடித்தார், அடுத்த ஐந்தை அதைவிட வேகமாக. எத்தியோப்பியாவின் டெரிபா மெர்கா, மொராக்கோவின் ஜவாத் கரிப் போன்ற சிலரே ஒட்டிக்கொண்டார்கள். வான்ஜிரு 2 மணி 6 நிமிடம் 32 விநாடியில் வென்றார். 1984 முதல் நின்றிருந்த ஒலிம்பிக் சாதனை ஏறத்தாழ மூன்று நிமிட வித்தியாசத்தில் உடைந்தது. கரிப்புக்கு வெள்ளி. மெர்கா? அவரும் அதே தீயில்தான் குதித்தார். பின்னால் தன் வேகத்தில் வந்துகொண்டிருந்த சக எத்தியோப்பியர் செகாயே கெபெடே, மைதானத்துக்குள் கடைசிச் சுற்றில் அவரைத் தாண்டி வெண்கலத்தைத் தட்டிச் சென்றார். ஏறத்தாழ முழுத் தூரமும் முன்வரிசையில் இருந்துவிட்டு, மெர்காவுக்கு அந்தக் கடைசிச் சுற்று கட்டுப்படியாகவில்லை.

வான்ஜிருவின் கதை மட்டுமே மேடைகளில் சொல்லப்படுகிறது. மெர்காவின் கதையையும் சொன்னால்தான் அது பாடம்.

சும்மா காத்திருப்பதும் சூதாட்டம்தான் என்பது பலருக்கு உறைப்பதில்லை. 2014 பாஸ்டன் மாரத்தானில் அமெரிக்காவின் மெப் கெஃப்லெஸிகி, 39 வயதைத் தொட இரண்டு வாரம் இருக்கையில், பாதி தூரத்துக்கு முன்பே கூட்டத்தைவிட்டு முன்னேறினார். பின்னால் இருந்த ஆப்பிரிக்க வேகக்காரர்கள் ‘வயசாளி, தானே திரும்பி வருவான்’ என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. விழித்துக்கொண்டு துரத்தியபோது தூரம் போதவில்லை. வில்சன் செபெட் 11 விநாடியில் வெற்றியைத் தவறவிட்டார். மெப்பின் வேகம் தற்கொலை வேகமில்லை, 2 மணி 8 நிமிடம் 37 விநாடி. தன்னால் தாங்கக்கூடிய வேகத்தில், மற்றவர்கள் நம்பாத நேரத்தில் அவர் போனார். துணிச்சலில் எனக்குப் பிடித்த வகை இதுதான்.

அதே பாஸ்டனில் 2023-ல் எலியுட் கிப்சோகே முன்னால் நின்று வேகம் கொடுத்து ஓடினார். எதிர்க்காற்றை உடைக்கும் வேலை முன்னால் ஓடுகிறவனுக்கு. பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களுக்கு அது மிச்சம். பிற்பகுதி மேடுகளில் அவர் பின்தங்கி ஆறாவதாக வந்தார். மனித வரலாற்றின் தலைசிறந்த மாரத்தான்காரருக்கே அந்தச் சாலை இரக்கம் காட்டவில்லை. சீசன் காலத்தில் மூன்று பேராகக் குற்றாலம் போகிறவர்கள் கிலோமீட்டருக்கு ஒருவராக முன்னால் மாறி ஓடுவது இதனால்தான் நல்ல பழக்கம்.

சரி, பரிசு மூன்று பேருக்கு மட்டுமே என்றிருக்கும் ஒரு போட்டியில் நீங்கள் ஐந்தாவது ஆறாவது தரத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எப்போது பாயலாம்?

கடைசி ஒரு கிலோமீட்டரில் உங்களுக்குப் பாய்ச்சல் இல்லையென்றால், கூட்டத்தோடு கடைசிவரை போவது தோல்வியைத் தவணையில் வாங்குவது. நீங்கள் முன்னதாகவே ஏதாவது செய்தாக வேண்டும். அதற்கு ஏற்றம் நல்ல இடம். 2004 ஏதென்ஸில் ஜப்பானின் மிசுகி நொகுச்சி 25 கிலோமீட்டர் வாக்கில் ஏற்றத்திலேயே விலகிப் போனார். துரத்திவந்த கேத்தரின் இந்தெரெபா 12 விநாடி வரை நெருங்கியும் பிடிக்க முடியவில்லை. ஐந்தருவிப் பக்கத்து ஏற்றத்தில் வாரம் ஒருமுறை பழகுகிறவருக்கு மேடு பயமுறுத்தாது, சமவெளியில் பழகியவருக்குப் பயமுறுத்தும். உங்கள் பலமும் அவர்கள் பயமும் ஒரே இடத்தில் சேர்வது அங்கேதான்.

தொடக்கத்திலேயே பாய்வதை, பயிற்சியில் 30 கிலோமீட்டர் ஓடி அதன் கடைசிப் பத்தைப் போட்டி வேகத்தில் முடித்துக் காட்டியவருக்கு மட்டுமே நான் பரிந்துரைப்பேன். முதல் ஐந்து கிலோமீட்டரில் எந்த வேகமும் சுலபமாகத்தான் தோன்றும். ஓய்வெடுத்த கால், கூட்டத்தின் இரைச்சல், பரபரப்பு எல்லாம் சேர்ந்து ஏமாற்றும். அப்போது உடம்பு சொல்வதை நம்பாதீர்கள். 15-வது கிலோமீட்டரில் சொல்வதைக் கேளுங்கள். ஒரு முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு அங்கேயே மூச்சு வாங்கினால் கடன் எல்லை மீறிவிட்டது. வேகத்தைக் கிலோமீட்டருக்கு ஐந்து விநாடி குறைத்தாலும் மீதியைக் காப்பாற்றலாம்; கௌரவம் பார்த்தால் காப்பாற்ற முடியாது.

தென்காசிக்காரர்களுக்கு இன்னொரு பொறியும் இருக்கிறது. சாரலில் பழகிய உடம்பு கடலோரப் புழுக்கத்தில் வேறு உடம்பு. மேகம் வெயிலை மறைக்க, குளிர்காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே இருந்ததால், இங்கே இலகுவாக வந்த வேகம் சென்னையில் இதயத்துடிப்பை எகிறவைக்கும். வியர்வை வழியுமே தவிர உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வெக்கைக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த அவகாசம் இல்லாதவர் குற்றாலச் சாலையில் எடுத்த நேரத்தை வைத்து வேகத்தைத் தீர்மானித்தால், சூதாடுகிறோம் என்பதே தெரியாமல் சூதாடுகிறார்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிறு காலை, அருவிக் கூட்டம் வண்டிகளோடு வந்து சாலையை அடைப்பதற்கு முன், இதைச் செய்து பாருங்கள். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் இடையே மூன்று முறை போய்வாருங்கள், மொத்தம் 30 கிலோமீட்டர். முதல் சுற்றில், நீங்கள் மனதில் வைத்திருக்கும் அந்த விபரீத வேகத்தில் ஓடுங்கள். இரண்டாம் சுற்றில் கடிகாரத்தைப் பாராமல் மூச்சை மட்டும் கவனித்து ஓடுங்கள். மூன்றாம் சுற்றில் மறுபடியும் முதல் வேகத்தைக் கேளுங்கள். மேலகரத்தில், எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும்போது, கால் என்ன பதில் சொல்கிறது என்று பாருங்கள்.