பதின்மூன்று வயதுப் பையனின் அறைக்குள் போனது எது?

2025 மார்ச் 13 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அடோலசன்ஸ்' நான்கே பகுதிகள் கொண்ட பிரிட்டிஷ் தொடர். ஜேமி மில்லர் என்ற பதின்மூன்று வயதுப் பையன், பள்ளியில் உடன் படிக்கும் கேட்டியைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் கைதாகிறான். அவன்தான் செய்தான் என்பது முதல் பகுதி முடிவதற்குள் சிசிடிவி பதிவில் தெரிந்துவிடுகிறது. ஏன் செய்தான் என்பதுதான் மீதிக் கதை. கதையை மறைத்துவைத்துக்கொண்டு தொடரைச் சுற்றி எழுந்த விவாதத்தை விளக்க முடியாது. பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு இதைப் படிக்கலாம்.

ஜாக் தார்னும் ஸ்டீபன் கிரஹாமும் சேர்ந்து எழுதி, பிலிப் பரான்டினி இயக்கிய தொடர் இது. ஒவ்வொரு பகுதியும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். பிரிட்டனின் வாராந்தரத் தொலைக்காட்சிப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ஸ்ட்ரீமிங் தொடரும் இதுதான். மூன்று மாதத்தில் உலகம் முழுக்க 14 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதற்கு முன் திரை அனுபவமே கிடையாது. 2025 செப்டம்பரில், பதினைந்து வயதில், எம்மி விருது வாங்கினார்.

இத்தனை பேர் பார்த்தார்கள், ஆனால் எல்லோரும் பார்த்தது ஒரே தொடர்தானா என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு வாதங்கள் பிரிந்து கிடந்தன. பெற்றோர்களுக்கு விடுத்த எச்சரிக்கை என்றார்கள் சிலர். பையன்கள் எல்லோரையும் குற்றவாளிகளாகப் பார்க்கச் சொல்கிறது என்றார்கள் சிலர். செத்தவளை மறந்துவிட்டுக் கொன்றவனுக்காக அழுகிறது என்ற கோபமும் இருந்தது. இந்த வாதங்களில் எது தொடருக்குள் இருக்கிறது, எது வெளியிலிருந்து ஒட்டவைத்தது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் அந்த எமோஜிகள். இரண்டாம் பகுதியில் பாஸ்கோம் என்ற போலீஸ் அதிகாரி, கொலைக்குக் காரணம் தேடிப் பள்ளிக்கு வருகிறார். ஜேமியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கேட்டி போட்ட கமென்டுகளைப் பார்த்து, இருவரும் சிநேகிதமாகப் பழகியவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார். அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன் ஆடம் அவரைத் தனியாக அழைத்துப்போய், அவை கேலி என்று விளக்குகிறான். இதயத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அர்த்தம் உண்டு. நூறு என்ற குறிக்கு ஒரு அர்த்தம், சிவப்பு மாத்திரைக்கு ஒரு அர்த்தம். வெடிக்கும் குறி போட்டால் 'இன்செல்' என்று திட்டுவதாகப் பொருள். விசாரணையில் அவ்வளவு அனுபவம் உள்ள மனிதர், தன் மகன் தினமும் புழங்கும் மொழியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்.

அந்தச் சொற்களைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். 1990களில் கனடாவில் ஒரு பெண், துணை கிடைக்காமல் தனிமையில் வாடுபவர்கள் பேசிக்கொள்வதற்காக ஒரு இணையப் பக்கம் தொடங்கினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆறுதல் தேடிய இடம் அது. இன்செல் என்ற பெயரின் தொடக்கம் அங்கே. பின்னாளில் வேறு தளங்களில், பெண்கள் மீது வன்மம் வளர்க்கும் ஆண்களின் அடையாளமாக அது மாறிப்போனது. 2014இல் கலிபோர்னியாவின் இஸ்லா விஸ்டாவிலும் 2018இல் டொரான்டோவிலும் நடந்த கொலைகள் இந்தக் கருத்துகளோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டவை. சிவப்பு மாத்திரை 1999இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்திலிருந்து எடுத்தது. அதை விழுங்கியவனுக்கு உலகத்தின் உண்மை தெரிந்துவிடும் என்பது படத்தின் கற்பனை. பெண்கள்தான் ஆண்களை ஆட்டிவைக்கிறார்கள் என்பதே அந்த 'உண்மை' என்று இந்தக் கூட்டம் சொல்லும். நூறு என்ற குறி 80/20 கணக்கைச் சுட்டுகிறது. நூற்றில் எண்பது பெண்கள் இருபது ஆண்களை மட்டுமே விரும்புவார்களாம். மிச்சம் உள்ள ஆண்களுக்கு ஒன்றும் மிஞ்சாதாம். உடற்பயிற்சி, பணம் சம்பாதிப்பது, பெண்களை மடக்குவது என்று பலவகையாக இதைப் பேசும் யூடியூபர்களும் தளங்களும் சேர்ந்த பரப்புக்கு மேனோஸ்பியர் என்று பெயர்.

ஜேமி இன்செல் கூட்டத்தைச் சேர்ந்தவனா என்று கேட்டால், இல்லை. இந்தத் தொடரில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் இதுதான்.

மூன்றாம் பகுதி முழுக்க ஓர் அறை. எரின் டோஹர்ட்டி நடித்த பிரயோனி என்ற உளவியலாளர், நீதிமன்றத்துக்கு அறிக்கை தயாரிப்பதற்காக ஜேமியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அவனுக்காக சூடான சாக்லேட் பானம் கொண்டுவருகிறார், தன் சாண்ட்விச்சில் பாதியைத் தருகிறார். அவன் சிரிக்கிறான், வம்பிழுக்கிறான். திடீரென்று எழுந்து நின்று அவர் மேலே கத்துகிறான். அடுத்த நிமிடம் மறுபடியும் குழந்தை ஆகிவிடுகிறான். இன்செல் விஷயங்களைப் பற்றிக் கேட்டதும், எட்டிப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை என்கிறான். ஆனால் 80/20 கணக்கு மட்டும் சரிதான் என்கிறான். தான் அசிங்கமாக இருப்பதாக அவன் உறுதியாக நம்புகிறான். கேட்டியின் அந்தரங்கப் படம் ஒன்று பள்ளிக்குள் பரவி அவள் அவமானப்பட்டுக் கிடந்த நேரத்தில்தான் அவளை வெளியே அழைத்தான். அந்த நிலையில் இருப்பவள் தன்னை ஒத்துக்கொள்ளக்கூடும் என்று அவன் போட்ட கணக்கு அது. அவள் மறுத்துவிட்டாள்.

தீவிரமயமாதல் என்றதும் ரகசியக் கூட்டம், தலைவன், உறுதிமொழி என்றெல்லாம் நம் மனதில் வருகிறது. இந்தப் பையன் எதிலும் சேரவில்லை. யாருக்கும் கட்டுப்படவில்லை. ஒரே ஒரு கணக்கு மட்டும் அவனுக்குள் தங்கிவிட்டது. உன்னை எந்தப் பெண்ணும் விரும்பமாட்டாள், அதற்குக் காரணம் பெண்கள்தான் என்ற அந்தக் கணக்கு, தன்னைப் பற்றி அவனுக்கு ஏற்கெனவே இருந்த வெட்கத்தோடு கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. 'அவன் அப்படிப்பட்ட தளங்களுக்கெல்லாம் போவதில்லை' என்று ஒரு பெற்றோர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். போகாதவனுக்கும் அந்தக் கணக்கு வந்து சேர்ந்துவிடும்.

எப்படி வந்து சேர்கிறது என்பதைத் தொடர் காட்டவில்லை. ஒரு வீடியோவைக்கூட நாம் பார்ப்பதில்லை. மேனோஸ்பியரின் பிரபல முகமான ஆண்ட்ரூ டேட்டின் பெயர் ஒருமுறை பேச்சில் வந்துபோகிறது, அவ்வளவுதான். இது குறை என்று சொன்ன பார்வையாளர்களோடு நானும் ஒத்துப்போகிறேன். அந்த இடத்தை ஆய்வுகள் ஓரளவு நிரப்புகின்றன. டப்ளின் சிட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பையன்கள் பெயரில் போலிக் கணக்குகள் தொடங்கி டிக்டாக்கிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் ஓடவிட்டு, 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கணக்கு வைத்திருக்கும் 'பையன்' இந்த விஷயங்களைத் தேடினாலும் தேடாவிட்டாலும், முதல் 23 நிமிடத்துக்குள் பெண் வெறுப்பு சார்ந்த வீடியோ வந்துவிட்டது. அதே ஆண்டு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் நடத்திய இன்னொரு ஆய்வில், டிக்டாக் பரிந்துரைத்த வீடியோக்களில் பெண்களை இழிவுபடுத்துபவை ஐந்தே நாளில் 13 சதவீதத்திலிருந்து 56 சதவீதமாக ஏறின. அல்காரிதத்துக்குக் கொள்கை எதுவும் கிடையாது. தனிமையிலும் தாழ்வு மனப்பான்மையிலும் இருக்கும் பையன் எந்த வீடியோவில் சில நொடி கூடுதலாக நிற்கிறான் என்று பார்த்து, அதே ரகத்தில் அடுத்ததைக் கொடுக்கிறது. அவன் நின்று பார்க்கும் ஒவ்வொரு நொடியும் நிறுவனத்துக்கு விளம்பர வருமானம். டிக்டாக்கை இந்தியா 2020லேயே தடை செய்துவிட்டது. யூடியூப் ஷார்ட்ஸ் நம் வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் இருக்கிறது.

இனி கேட்டி. அவளை நாம் சிசிடிவி பதிவில்தான் பார்க்கிறோம். அவளுடைய வீடும் பெற்றோரும் எந்தப் பகுதியிலும் இல்லை. பெண்கள் பலருக்கு இதனால்தான் கோபம். அந்தக் கோபம் வரும் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஜேமியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், கேட்டியை யாரும் வைத்திருக்கமாட்டார்கள் என்று இரண்டாம் பகுதியில் ஒரு பெண் போலீஸ் அதிகாரியே வருத்தப்படுகிறார். கேட்டியாக நடித்த பெண்ணின் குரலைப் பின்னணி இசையிலும் சேர்த்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனாலும் போதாது என்பது என் கருத்து. கேட்டி ஜேமியைக் கேலி செய்தாள் என்பது மட்டுமே அவளைப் பற்றி மனதில் நிற்கிறது. அவள்தானே ஆரம்பித்தாள் என்று சில பார்வையாளர்கள் பேசியதற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம். அவளுடைய படத்தைப் பரப்பியவனை அந்த வாதத்தில் யாரும் கேட்கவில்லை. அவளை அவமானப்படுத்தியதும், அவள் பதிலுக்கு ஒருவனைக் கேலி செய்ததும் ஒரே பள்ளியின் ஒரே நஞ்சு. கேலிக்குப் பதில் கத்தி என்பது அவன் தலைக்குள் ஏற்கெனவே இருந்த கணக்கிலிருந்து வந்தது.

இங்கிலாந்தின் சவுத்போர்ட் ஊரை வைத்துத் தொடரைப் பற்றிப் பரவிய வதந்தியில் நின்று நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. 2024 ஜூலையில் அந்த ஊரில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். அந்தச் சம்பவத்தைத்தான் எடுத்துக்கொண்டு, கொலையாளியை வேண்டுமென்றே வெள்ளைக்காரப் பையனாக மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை பரவியது. எலான் மஸ்க்கும் அதைப் பெரிதாக்கினார். எந்த உண்மைச் சம்பவத்தையும் அப்படியே எடுக்கவில்லை என்று தார்ன் மறுத்தார். வெவ்வேறு ஊர்களில் பையன்கள் சிறுமிகளைக் குத்திக் கொன்ற செய்திகளைத் தொடர்ந்து படித்ததில்தான் கதை தோன்றியது என்று கிரஹாமும் சொல்லியிருக்கிறார். கத்திக்குத்துக்குப் பலியாகும் பதின்வயதினரில் பெரும்பாலோர் பையன்கள், அதைப் பற்றியும் பேசுங்கள் என்று சொன்னவர்களின் வாதத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. ஒரு தொடரை வைத்துக்கொண்டு நாட்டின் கத்திப் பிரச்சினை முழுவதையும் புரிந்துகொண்டுவிட முடியாது.

பெற்றோர்களை அதிகம் உலுக்கியது நான்காம் பகுதி. அப்பா எடி பிளம்பர். குடிகாரர் இல்லை, பிள்ளையை அடித்தவரும் இல்லை. தன் அப்பாவிடம் பெல்ட் அடி வாங்கி வளர்ந்தவர், தன் பிள்ளையை அடிப்பதில்லை என்று முடிவு செய்து வாழ்ந்தவர். குடும்பத்தின் மேல் சுலபமாகப் பழிபோட்டு யாரும் தப்பிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதினோம் என்று கிரஹாம் சொல்லியிருக்கிறார். பள்ளிவிட்டு வந்த ஜேமி மாடியேறி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். நடுராத்திரி தாண்டியும் விளக்கு எரியும். அம்மா தட்டிச் சொன்னால் அணையும். வெளியே சுற்றாமல் வீட்டிலேயே இருக்கிறானே, பத்திரமாகத்தானே இருக்கிறான் என்று நினைத்துவிட்டோம் என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொள்ளும் இடத்தைப் பதின்வயதுப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அதே பகுதியில் இன்னொரு இடம் உண்டு, அதை ஏனோ அதிகம் பேர் பேசவில்லை. எடி பெயின்ட் வாங்கப் போகும் கடையில் வேலை செய்யும் ஓர் இளைஞன் அவரை அடையாளம் கண்டுகொள்கிறான். குரலைத் தாழ்த்தி, நான் உங்கள் மகன் பக்கம்தான், இணையத்தில் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறோம் என்கிறான். தொடர் முழுக்கத் திரைக்குப் பின்னால் இருந்த அந்த உலகம் ஆளாக வந்து நிற்பது இங்கே மட்டும்தான். பார்க்க மிகச் சாதாரணமான, மரியாதையாகப் பேசுகிற பையன். இன்செல் கருத்துகள் ஒரு குழந்தையைக் கொலைகாரனாக்குவது மிக அபூர்வம். ஆனால் ஒரு கொலையை நியாயப்படுத்தும் அளவுக்குச் சாதாரணப் பையன்களின் மனதை மரத்துப்போக வைப்பது அவ்வளவு அபூர்வமில்லை என்று அந்தக் கடைக்காரப் பையன் சொல்லாமல் சொல்கிறான்.

தொடர் அரசியலுக்குள் போனது தனிக்கதை. பதினாறு வயது மகனோடும் பதினான்கு வயது மகளோடும் உட்கார்ந்து பார்த்ததாக அப்போதைய பிரதமர் கெய்ர் ஸ்டார்மர் நாடாளுமன்றத்தில் சொன்னார். பேச்சில் அதை ஆவணப்படம் என்றும் குறிப்பிட்டுவிட்டார். கற்பனைக் கதையை வைத்துச் சட்டம் போடப்போகிறார்களா என்று எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர் கெமி பேடனாக், தான் பார்க்கவில்லை என்றார். பள்ளிகளில் செல்போனைத் தடைசெய்யும் சட்டம்தான் அவர் கட்சி கேட்டது. மார்ச் 31 அன்று தொடரை எடுத்தவர்களைப் பிரதமர் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். உயர்நிலைப் பள்ளிகள் இலவசமாகத் திரையிடலாம் என்று நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. பிரான்ஸும் அந்த ஜூனில் சில காட்சிகளை வகுப்பில் காட்ட அனுமதித்தது.

பள்ளியில் காட்டுவது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. இது பெரியவர்களுக்காக எடுத்த தொடர். பையன்களை வரிசையாக உட்காரவைத்து இதைப் போட்டால், நீங்களும் இப்படி ஆகக்கூடியவர்கள்தான் என்று அவர்கள் காதில் விழும். பெண்கள் உன்னை வெறுக்கிறார்கள் என்று மேனோஸ்பியர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பள்ளியும் உன்னைச் சந்தேகப்படுகிறது என்பது அதோடு சேர்ந்துவிடும். காட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் ஆசிரியர்களுக்குக் காட்டட்டும். பையன்களிடம் காதல், நிராகரிப்பு, வெட்கம் இவற்றைப் பற்றிப் பேசப் பயின்ற ஒரு ஆளைப் பள்ளிக்கு அனுப்பட்டும்.

அதைவிடப் பெரிய வேலை சமூக ஊடக நிறுவனங்களிடம் இருக்கிறது. பிரிட்டனின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2023லேயே வந்துவிட்டது. குழந்தைகளுக்கான விதிகள் 2025 ஜூலை 25 முதல் நடப்பில் உள்ளன. ஒரு பாலினத்தின் மேல் வெறுப்பைத் தூண்டும் பதிவுகளைக் குழந்தைகளின் பரிந்துரைப் பட்டியலிலிருந்து விலக்கவோ பின்னுக்குத் தள்ளவோ வேண்டிய பொறுப்பு இப்போது நிறுவனத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அங்கே சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. கணக்கைத் தடுப்பதைவிட அல்காரிதத்தைத் திருத்தச் சொல்லும் பிரிட்டிஷ் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. யூடியூபைக் கணக்கு இல்லாமலும் பார்க்க முடியும், பதினாறு முடிந்த மறுநாள் அதே வீடியோக்கள் அதே பையனுக்காகக் காத்திருக்கும். ஆனால் டப்ளினில் செய்த அதே சோதனையைப் புதிய போலிக் கணக்குகளோடு ஆண்டுதோறும் யாராவது செய்து, அந்த 23 நிமிடம் நீண்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லாதவரை, சட்டம் வேலை செய்கிறது என்று நிறுவனங்கள் தரும் அறிக்கைகளை நான் நம்பத் தயாராக இல்லை.