கூம்பைத் தட்டாமல் கார் ஓட்டுவது எப்படி? தாராவி வாலிபர் ஒருவரின் ஆட்டோகிராஸ் அனுபவம்

மோட்டார் பந்தயம் என்றதும் பழைய ஆட்களுக்குச் சோழவரம்தான் நினைவுக்கு வரும். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பியட்டும் அம்பாசடரும் சீறிப் பாய்ந்த காலம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தப் பந்தயங்களை நடத்தியது. பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதையே அமைந்துவிட்டது. அந்த மண்ணில் பழகிய கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா-1 பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

நம் மும்பைத் தமிழ் வாலிபருக்கு அப்படி ஒரு பாதை பக்கத்தில் ஏது? இரவு ஒரு மணிக்குக் காலியாகக் கிடக்கும் நெடுஞ்சாலைதான் பலருக்குப் பந்தயப் பாதை. அதன் முடிவு என்ன என்பதைக் காலைப் பத்திரிகையில் படிக்கிறோம்.

என் அக்காள் மகனும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தான். வயது 23. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. தவணையில் வாங்கிய பழைய மாருதி ஸ்விப்ட் கார் ஒன்று வைத்திருக்கிறான். போன ஆண்டு அவனுடைய கூட்டாளி ஒருவன் இரவுப் பந்தயத்தில் தடுப்புச்சுவரில் மோதிக் காலை ஒடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அக்காள் இரவில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "தம்பி, நீயாவது அவனிடம் சொல்லேன்" என்று என்னிடம் அழுதாள்.

சொன்னால் கேட்கிற வயதா? சட்டத்தைச் சொல்லிப் பார்த்தேன். பொதுச்சாலையில் அனுமதி இல்லாமல் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை. "பிடித்தால்தானே மாமா" என்று சிரித்தான்.

சரி, வேகத்தை விடச் சொல்ல வேண்டாம், இடத்தை மாற்றிப் பார்ப்போம் என்று செம்பூரில் இருக்கும் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனேன். எழுபதைத் தாண்டியவர். குர்லாவில் பிரீமியர் கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மும்பைத் தெருக்களில் ஓடிய கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகளில் எத்தனையோ வண்டி அவர் கைபட்டுப் போனவை. (கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது அவர் அன்று முழுவதும் யாருடனும் பேசவில்லையாம்.) இளவயதில் சொந்தப் பியட்டில் போட்டிகளுக்குப் போனவர். "அடுத்த ஞாயிறு ஆட்டோகிராஸ் இருக்கிறது, வரட்டும்" என்றார்.

கூம்பும் கடிகாரமும்

ஆட்டோகிராஸ் என்பது என்ன? ஒரு திறந்த மைதானத்தில் ரப்பர் கூம்புகளை வரிசையாக நட்டு வளைந்து வளைந்து போகும் ஒரு வழி அமைப்பார்கள். ஒரு சமயத்தில் ஒரு கார்தான் ஓடும். எதிரே வண்டி கிடையாது, முந்துவது கிடையாது. கடிகாரம் ஒன்றுதான் எதிராளி. கூம்பைத் தட்டினால் உங்கள் நேரத்தோடு தண்டனை விநாடிகள் சேரும். அமெரிக்காவில் ஒரு கூம்புக்கு 2 விநாடி. வழியைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் வராது.

இங்கிலாந்தில் இதைப் புல்வெளியில் நடத்துவார்கள். அமெரிக்காவில் பெரிய கார் நிறுத்துமிடங்களில். நம் நாட்டில் பெரும்பாலும் மண் தரையில். நம்மவர்கள் போட்டியில் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்த வண்டி மாருதி ஜிப்சி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கிறது, ஓட்டுபவருக்கு உரிமமும் தருகிறது.

வேகம் எவ்வளவு தெரியுமா? பெரும்பாலும் இரண்டாவது கியர்தான். மணிக்கு 60, 70 கிலோமீட்டர். "இதற்கா இவ்வளவு பேச்சு" என்றான் மருமகன்.

முதல் ஞாயிறு

நவி மும்பைப் பக்கம் லாரிகள் நிறுத்தும் ஒரு தார்த்தளம். முதல் ஓட்டத்தில் அவன் டயர் அலற, புகை பறக்க வந்து சேர்ந்தான். 58.4 விநாடி, மூன்று கூம்பு அவுட். இரண்டாவது ஓட்டத்தில் இன்னும் ஆவேசமாக ஓட்டினான். 60 விநாடிக்கு மேல் போயிற்று! மூன்றாவதில் வழியே தவறிவிட்டது. அவன் பிரிவில் முதலில் வந்தவர் 49.6.

இறங்கியவுடன் பையன் சொன்ன முதல் வார்த்தை: "வண்டி சரியில்லை அண்ணாச்சி. சைலன்சர் மாற்ற வேண்டும், அகலமான டயர் போட வேண்டும். குர்லா சி.எஸ்.டி. சாலையில் 40 ஆயிரத்துக்குள் முடித்துவிடலாம்."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. போட்டி முடிந்து, விரும்பியவர்கள் ஓட்டிப் பார்க்கலாம் என்று அறிவித்ததும் தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு அதே காரில் ஏறினார். டயர் முனகியதே தவிர அலறவில்லை. வெளியிலிருந்து பார்த்த எங்களுக்கு ஏதோ காய்கறி வாங்கப் போகிறவர் மாதிரித்தான் இருந்தது.

51.7 விநாடி. கூம்பு ஒன்றும் விழவில்லை.

மருமகன் முகம் வாடிவிட்டது. எனக்கும் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் அவன் பெரியவரை விடவில்லை. தளத்தில் நடந்துகொண்டே அவர் சொன்னதை நானும் பின்னால் நடந்து குறித்துக்கொண்டேன்.

காலால் நடந்து படி

"காலையில் எத்தனை தடவை வழியை நடந்து பார்த்தாய்?" என்பது அவர் முதல் கேள்வி. ஒரு தடவை, அதுவும் கூட்டாளிகளோடு பேசிக்கொண்டே. அங்கேதான் பாதி நேரம் போச்சு என்றார். முதல் நடையில் வழி மனப்பாடமாக வேண்டும். படுக்க வைத்த கூம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது, எந்த இரண்டு கூம்புக்கு நடுவே புகவேண்டும் என்று தெரியவேண்டும். இரண்டாவது நடை தனியாக: பிரேக் எங்கே, திரும்புவது எங்கே. மூன்றாவது நடையில் குனிந்து, காரில் உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். நின்று பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிற வழி, உட்கார்ந்து பார்த்தால் வெறும் கூம்புக் காடு!

அடுத்தது கண். "தட்டிவிடுவோமோ என்று பயந்து கூம்பையே பார்க்கிறாய். பார்க்கிற இடத்துக்குத்தான் கை வண்டியைக் கொண்டுபோகும்" என்றார். கார் ஒரு கூம்பைத் தாண்டும்போது கண் இரண்டு கூம்பு முன்னால் இருக்கவேண்டுமாம். கேட்க எளிது. நான் என் காரில் செய்து பார்த்தேன், கழுத்து ஒத்துழைக்கவில்லை.

சம்பளமும் டயரும்

டயரின் பிடிப்பைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அது மாதச் சம்பளம் மாதிரி. முழுவதையும் பிரேக்குக்குச் செலவழித்தால் திரும்புவதற்குக் கையில் காசு இல்லை. முழுவதையும் திரும்புவதற்குக் கொடுத்தால் ஆக்ஸிலேட்டருக்கு மிச்சம் இல்லை. ஆகவே நேராகப் போகும்போதே அழுத்திப் பிரேக் போடு, பிறகு மெல்ல விட்டுக்கொண்டே திரும்பு, வண்டி நேராக நேராக வேகம் கொடு.

மருமகன் செய்தது என்ன? வேகமாக வளைவுக்குள் புகுந்தான். ஸ்விப்ட்டில் முன் சக்கரமே இழுக்கிறது, முன் சக்கரமே திரும்புகிறது. இரண்டு வேலையும் ஒரே சமயத்தில் கேட்டால் அது இரண்டையும் செய்யாமல் வெளிப்பக்கமாக வழுக்கும். வழுக்குகிறதே என்று இன்னும் ஸ்டியரிங்கை ஒடித்தான், டயர் இன்னும் அலறியது. அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி ஸ்டியரிங்கையும் சற்று நேராக்கினால் பிடிப்பு திரும்பிவிடும். அலறல் கேட்டால் வேகம் என்று நினைக்காதே, அது நேரம் கரைகிற சத்தம் என்றார் பெரியவர்.

வரிசையாக நட்ட கூம்புகளுக்கு இடையே பாம்பு போல் வளைந்து போகும் இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கூம்பைத் தாண்டிய பிறகு திருப்ப ஆரம்பித்தால் தாமதம். தாண்டுவதற்கு முன்பே கை அடுத்த பக்கம் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். முதல் கூம்பில் அரை விநாடி பிந்தினால் நாலாவது கூம்பில் வழியை விட்டே வெளியே நிற்போம். செம்பூரில் ஒரு நிமிடம் பிந்தியவன் குர்லாவில் மாறவேண்டிய வண்டியையும் கோட்டை விடுவதில்லையா, அந்தக் கதைதான்.

செலவு எதற்கு?

சைலன்சர் யோசனையை அவர் ஒரேயடியாக அடித்துவிட்டார். புதியவன் முதல் ஆண்டில் பணம் போடவேண்டியது நல்ல பிரேக் கட்டை, புதுப் பிரேக் எண்ணெய், சரியான தலைக்கவசம், போட்டிக் கட்டணம். அவ்வளவுதான். டயருக்குக் காற்று எவ்வளவு என்பதற்கு அவர் ஒரு சாக்குக்கட்டி வைத்திருக்கிறார். டயரின் ஓரத்தில் கோடு போட்டு ஓட்டி வந்து பார்த்தால் கோடு எவ்வளவு தூரம் அழிந்தது என்று தெரியும். பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு, டயர் மடங்குகிறது. தார்த்தளத்தில் இது நல்ல கணக்கு.

உட்காரும் முறையையும் திருத்தினார். பையன் சினிமா நாயகன் மாதிரிச் சாய்ந்து ஒற்றைக்கையால் ஓட்டுகிறவன். முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். இரண்டு கையும் ஒன்பது மணி, மூன்று மணி நிலையில். உள்ளே தளர்வாக இருக்கும் தண்ணீர் பாட்டில், குடை, கால்மிதி எல்லாம் வெளியே. முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் எடுக்கச் சொன்னபோது மட்டும் பையன் தயங்கினான். பெரியவர் அவரை மரியாதையாகக் கைக்குட்டையில் சுற்றித் தம் பையில் வைத்துக்கொண்டார்.

இன்னொரு விஷயத்தை நான் சொல்லவேண்டும், ஏனென்றால் தவணையில் கார் வாங்கியவர்கள்தான் நம்மில் அதிகம். சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு கிடையாது. மைதானத்தில் சேதமானால் செலவு நம் தலையில். கூம்பு ரப்பர்தான், ஆனால் மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் விளக்குக் கம்பம் ரப்பர் அல்ல. ஓரத்தில் போதிய இடம் விடாத போட்டியில் கலந்துகொள்ளாமல் திரும்பி வருவது கோழைத்தனம் ஆகாது.

இரண்டாவது போட்டி

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனோம். இந்தத் தடவை வழி வேறு, நீளமும் அதிகம். ஆட்டோகிராஸில் வழி ஒவ்வொரு தடவையும் மாறும் என்பதால் பழைய நேரத்தோடு புது நேரத்தை ஒப்பிட முடியாது. முதலில் வந்தவருக்கும் தனக்கும் எவ்வளவு இடைவெளி என்றுதான் பார்க்க வேண்டும். அதற்காகவே பையன் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறான். பட்டறையில் தோல் அளவு குறிக்கிற அதே கையெழுத்து.

அன்று காலையில் நாலு தடவை வழியை நடந்தான். தன் முறை வராத நேரத்தில் விழுந்த கூம்புகளை எடுத்து வைக்கும் வேலைக்குத் தானே கேட்டுப் போய் நின்றான். வளைவின் ஓரத்தில் நின்று முப்பது பேர் எங்கே பிரேக் போடுகிறார்கள் என்று பார்ப்பதைப் போன்ற பாடம் வேறு கிடையாது, அதுவும் இலவசமாக!

முதல் ஓட்டத்தை வேண்டுமென்றே நிதானமாக ஓட்டினான். கடைசி ஓட்டத்தில் 65.2 விநாடி. முதலில் வந்தவர் 61. இடைவெளி, முதல் போட்டியில் கூம்பைச் சேர்க்காமலே ஒன்பது விநாடிக்குப் பக்கம். இப்போது நாலு சொச்சம். ஒரு கூம்பு மட்டும் லேசாக ஆடி நின்றுவிட்டது, விழவில்லை.

இரவு மாதுங்காவில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் தாராவிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து. நைன்டி பீட் சாலையில் நெரிசலில் ஊர்ந்துதான் வந்தோம். அக்காள் வாசலில் நின்றிருந்தாள்.

"ஜெயிச்சியாடா?" என்று கேட்டாள்.

"பதினாலாவது வந்தேன் அம்மா."

"எத்தனை பேரிலே?"

"முப்பத்தொரு பேரிலே."

அக்காள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "அடுத்தது என்றைக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திப் படுத்துவிட்டாள். பிள்ளையார் மட்டும் இன்னும் பெரியவர் பையில்தான் இருக்கிறார். வரும் ஞாயிறு செம்பூருக்குப் போய் வாங்கிவர வேண்டும்.