மேடை முகாமையும் மாணவர் அரங்கும்: உழைப்பு நோக்கில் சில குறிப்புகள்

நாடகம் ஒரு கூட்டுக்கலை என்பது எம்மிடையே அடிக்கடி எடுத்தாளப்படும் கூற்று. ஆயின் நாடகம் பற்றிய எமது ஆய்வுகளைப் புரட்டிப் பார்ப்பின், அக்கூட்டு பெரும்பாலும் எழுத்துருவாசிரியர், நெறியாளர், நடிகர் என்போருடன் நின்றுவிடுகின்றது. விளக்கை இயக்கியவரும் திரையை இழுத்தவரும், இவர்களனைவரையும் ஒரு நேர ஒழுங்கினுள் இணைத்து நின்ற மேடை முகாமையாளரும் நன்றியுரையின் கடைசி வரிக்கே உரியோராகின்றனர். மாணவராயிருந்த காலத்தில் நாம் மூன்று தயாரிப்புகளில் இப்பொறுப்பை ஏற்றிருந்தோம். நடிப்பதற்குக் குரல் போதாதென ஒதுக்கப்பட்டமையே அதற்குக் காரணம் என்பதை ஒளிப்பதற்கில்லை. அங்கு கற்றவற்றை, அத்தொழில் தோன்றிய சூழலுடன் பொருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேடை முகாமை எல்லாக் காலத்து அரங்குக்கும் பொதுவானதன்று. மட்டக்களப்பின் மரபுவழிக் கூத்தில் சட்டங்கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை ஆட்டத்தையும் பாட்டையும் பழக்குபவர் அண்ணாவியார். ஆற்றுகையன்றும் அவர் மறைவில் நிற்பதில்லை. வட்டக்களரியினுள்ளே நின்று ஆட்டத்தை முடுக்குவதும், வரி மறந்தவருக்கு எடுத்துக்கொடுப்பதும் பார்ப்போர் கண்முன்னேயே நிகழும். விடிய விடிய நிகழும் ஆட்டத்தில் ஒரு பாத்திரத்தின் வரவு சற்றுப் பிந்தினால் அதனை எவரும் பெரும் பிழையெனக் கொள்வதில்லை. களரிக்கு வெள்ளை கட்டுதல் போன்ற பணிகள் சாதிவழிப் பகுக்கப்பட்டிருந்தமையை மறந்து, இதனை ஒரு பொற்காலமாக்கிவிடவும் கூடாது.

1956இல் சரச்சந்திராவின் ‘மனமே’ சிங்கள அரங்கில் ஏற்படுத்திய விழிப்பின் பின்னணியில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963) முதலியவற்றை மேடையேற்றினார். இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணி நேரத்துள் சுருங்கியது. களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு மாறியது. இம்மாற்றத்தால் கூத்து பெற்றவையும் இழந்தவையும் பற்றி நிறையவே விவாதித்துள்ளோம். அது வேண்டிநின்ற புதிய உழைப்பைப் பற்றி அத்துணை பேசினோமில்லை. படச்சட்ட மேடையிலே பக்கத்திரைகள் நடிகரை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்கின்றன. ஒளியை இயக்குபவர் வேறோரிடத்தில் நிற்கின்றார். மண்டபத்துக்கு வாடகை மணிக்கணக்கில் ஓடுகின்றது. ஒருவரையொருவர் காணாது வேலைசெய்வோரை ஒரே கணத்தில் இயங்கச்செய்வதற்கு ஒருவர் தேவைப்படுகின்றார். அண்ணாவியார் என்னும் ஒருவரிடம் திரண்டிருந்த பணி, நெறியாளரென்றும் இசையமைப்பாளரென்றும் மேடை முகாமையாளரென்றும் பிரிவது இவ்விடத்திலேதான்.

ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. எலிசபெத் காலத்து இலண்டன் அரங்கில் வரவுகளின் ஒழுங்கை எழுதிய தாளொன்றை உடைமாற்றும் அறையில் தொங்கவிடும் வழக்கமிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாயுவிளக்கும், 1881இல் சவோய் அரங்கு முழுவதையும் ஒளியூட்டிய மின்விளக்கும், பாரிய காட்சிப் பொறிகளும் வந்த பின்னரே மேடைக்குப் பின்னாலான ஒழுங்கமைப்பு தனித்தொழிலாக விரிவடைந்தது.

இனி, கற்ற முறை. முதலில் எமக்குத் தரப்பட்டது ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி. அதன் வலப்பக்கங்களில் எழுத்துருவை வெட்டி ஒட்டி, இடப்பக்கங்களை வெறுமையாக விடவேண்டும். நடிகரின் அசைவு, ஒளிமாற்றம், ஒலி, திரை ஆகிய யாவும் அவ்வெறும் பக்கத்தில் பென்சிலால் குறிக்கப்படும். பேனா விலக்கப்பட்டதற்குக் காரணம், ஒத்திகை நடக்கும்வரை குறிப்புகள் மாறிக்கொண்டேயிருக்கும் என்பதே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரு கட்டளைகள் உண்டு: சில வரிகளுக்கு முன்னர் ‘ஆயத்தம்’, உரிய இடத்தில் ‘விடு’. உரிய இடம் எதுவென்பதை அறிவதற்கே எமக்கு மாதக்கணக்காயிற்று. நடிகர் சொல்லை முடித்த பின் கட்டளையிட்டால் ஒளி பிந்திவிடும். அவர் அச்சொல்லுக்காக மூச்செடுக்கும்போதே கட்டளை பிறக்கவேண்டும். கைப்பொருள்களுக்கான மேசையில் மண்ணிறத் தாளை விரித்து, வாளுக்கு வாளின் உருவையும் செம்புக்குச் செம்பின் உருவையும் வரைந்து வைப்போம். வெற்றுருவம் எஞ்சியிருப்பின் யாதோ ஒரு பொருள் இடம்மாறிவிட்டதென்பது அரையிருளிலும் தெரியும்.

ஒத்திகை அட்டவணை தயாரிப்பதும் முகாமையாளரின் பணியே. அடித்தளம், மேற்கட்டுமானம் என வகுப்பறையில் நெடுநேரம் வாதிட்ட நாம், கடைசிப் பேருந்தின் நேரத்தையும் பெண்கள் விடுதிக் கதவு மூடப்படும் நேரத்தையும் கேட்டறியாது வரைந்த முதலாவது அட்டவணை மூன்றாம் நாளே பயனற்றுப் போயிற்று.

எனினும் எமக்குக் கற்பித்தது ஒரு தவறே. மண்டபத்தில் திரை இழுக்கும் ஊழியர் ஒருவர் இருந்தார். எமது இரண்டாவது தயாரிப்பின் இறுதிக் காட்சியில் ரோச் லைற் மூலம் சைகை காட்டினோம், திரை விழவில்லை. இறந்து கிடக்கவேண்டிய நடிகர் ஒரு நிமிடத்துக்கு மேலாக அப்படியே கிடந்தார். பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு மண்டபமெங்கும் பரவியது. ஊழியரின் கவனயீனமே காரணமென அன்றிரவே அறிக்கை எழுதினோம். மறுநாள் அவரிடம் விசாரித்தபோது, “பிள்ளை, எல்லாருக்கும் ஒத்திகை வைச்சனீங்கள். எனக்கு எப்ப வைச்சனீங்கள்?” என்று மட்டும் கேட்டார். அவருடன் சென்று கயிற்றடியில் நின்று பார்த்தோம். எமது சைகையைப் பக்கத்திரை முற்றாக மறைத்திருந்தது.

தொழில்நுட்ப ஒத்திகை என்பதன் பொருள் அன்றே விளங்கியது. அது நடிகருக்கானதன்று, நடிக்காதோருக்கானது. உழைப்பாளரைப் பற்றி ஓயாது எழுதிய நாம், எமது மேடையில் நின்ற உழைப்பாளரைக் கயிற்றின் ஒரு பகுதியாகவே கண்டிருந்தோம். மேடை முகாமை தொழிற்சாலைக் கண்காணிப்பின் மறுவடிவமே என நண்பர் சிலர் கூறுவதுண்டு. கட்டளையிடுபவர் மட்டும் முழுமையை அறிந்து, ஏனையோர் தத்தம் துண்டை மட்டும் அறிந்திருக்குமிடத்து அக்கூற்று மெய்யே. அதற்கு மாற்று, ஒழுங்கைக் கைவிடுவதன்று. முழுமை பற்றிய அறிவை அனைவருக்கும் உரியதாக்குவது. 1949இல் தோன்றிய பேர்லினர் என்செம்பிள் தனது தயாரிப்புகளைப் புகைப்படங்களாலும் குறிப்புகளாலும் மாதிரி ஏடுகளாகப் பதிந்தமையை இந்நோக்கிலும் காணவேண்டும். ஆறு தயாரிப்புகளைப் பற்றி 1952இல் அக்குழுவினர் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘அரங்க வேலை’ எனப் பொருள்படும். எம்மிடையே எழுத்துரு அச்சேறுகின்றது. மேடைக் கொப்பியோ பழைய கடதாசியுடன் போய்விடுகின்றது.

எமது மூன்றாவது தயாரிப்பின் கொப்பி இன்னும் எம்மிடமுண்டு. அதிலுள்ள பத்துத் திரைக் குறிப்புகளில் நான்கு, அவ்வூழியர் கயிற்றடியில் நின்று சொல்லி நாம் இடம்மாற்றியவை. நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இல்லை. தொழில்நுட்ப ஒத்திகைக்கு இரு வாரங்களுக்கு முன்னரே அது அச்சகத்துக்குச் சென்றிருந்தது.