'டக்' சத்தம் மாறினா உஷார்!

உங்க பாக்கெட்டுல இப்ப என்னவெல்லாம் இருக்கு? செல்போன், பர்ஸ், ஹாஸ்டல் ரூம் சாவி... என் பாக்கெட்டுல கூடுதலா ஒரு அயிட்டம் இருந்துச்சு. ஒரு பேனாக்கத்தி. அதென்ன 'இருந்துச்சு'ன்னு கேக்கறீங்களா? அந்த சோகக் கதையைத்தான் சொல்லப் போறேன்!

அது அப்பாவோட கத்தி. வீடுகளுக்கு வயரிங் செய்யும் எலெக்ட்ரீஷியன் அவர். வயர் தோலை உரிக்க, டேப் அறுக்க, மத்தியானம் பழைய சோத்துக்கு வெங்காயம் நறுக்க... எல்லாத்துக்கும் 25 வருஷமா அதே கத்திதான். நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்னிக்கு, பஸ் ஸ்டாண்டுல வெச்சு கையில திணிச்சார். ''வெச்சுக்கோ, ஒதவும்!'' அவ்ளோதான் டயலாக்.

போன செமஸ்டர். ப்ராஜெக்ட்டுக்கு வயர் உரிக்கக் கத்தியைத் திறந்தேன். வழக்கமான 'டக்' வரலை. 'டிங்'னு ஒரு புது சத்தம். கண்டுக்காம வயர் மேல வெச்சு அழுத்தினா, பிளேடு சடார்னு மடங்கி என் ஆள்காட்டி விரல்ல இறங்கிடுச்சு. மூணு தையல். கத்தியோட முதுகுல இருக்கும் ஸ்பிரிங், ரெண்டு துண்டு!

'நல்லா இருந்த கத்தி, திடீர்னு எப்படி?' மனசு ஆறலை. துண்டுகளைப் பொட்டலம் கட்டி எடுத்துட்டு எங்க மெட்டலர்ஜி சார்கிட்டப் போனேன். லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டுச் சிரிச்சார். ''திடீர்னு எல்லாம் இல்லப்பா. இது ரொம்ப நாளா உடைஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கு!''

நானும் லென்ஸில் பார்த்தேன். உடைஞ்ச முகத்தில் ஒரு பகுதி கறுத்து, வரிவரியா இருந்துச்சு. அலை வந்துபோன மணலில் கோடு விழுமே, அதே டிசைன். அதுக்குப் பேரே 'பீச் மார்க்ஸ்'தான். மீதிப் பகுதி மட்டும் பளபளன்னு புதுசா இருந்துச்சு. கறுப்பு, பல மாசமா கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்த விரிசல். பளபளப்பு, அன்னிக்குப் படக்குனு உடைஞ்ச இடம்.

இதுக்கு மெட்டல் ஃபேட்டீக்னு பேர். தமிழில் உலோக அயர்ச்சி. ஒரே தடவையில் உடைக்க முடியாத பாரத்தை, லட்சம் தடவை திரும்பத் திரும்பக் கொடுத்தா இரும்பும் களைச்சுப் போகும். பேனாக்கத்தியைத் திறக்கும்போதும் மூடும்போதும் அந்த ஸ்பிரிங் வளைஞ்சு நிமிரும். ஒரு நாளைக்கு 20 தடவை திறந்து மூடுறதா வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு 300 நாள், 25 வருஷம். கணக்குப் போட்டா ஒன்றரை லட்சம் தடவை திறப்பு, ஒன்றரை லட்சம் தடவை மூடல். ஆக, 3 லட்சம் வளைவு! இதுல சட்டைப் பாக்கெட்டு வியர்வையில் துருப்பிடிச்சு ஒரு பொட்டுக் குழி விழுந்தாப் போதும். விரிசல் அங்கேதான் பிள்ளையார் சுழி போடும்.

'ஒரு கத்திக்கு இவ்ளோ பில்டப்பா?'ன்னு நினைக்காதீங்க பாஸ். 1842-ல் பிரான்ஸில் வெர்சாய் பக்கம் ஒரு ரயில் இன்ஜினின் அச்சு முறிஞ்சு, ஐம்பதுக்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. அதுக்கப்புறம்தான் 'ஓடுற அச்சு ஏன் உடையுது?'ங்கிற கேள்வி சூடுபிடிச்சது. ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் ரயில்வே இன்ஜினீயர் வருஷக்கணக்கா அச்சுகளைச் சுத்தவிட்டு, எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்று தாங்கும்னு கணக்கெடுத்தார். நாம பரீட்சையில் போடுற எஸ்-என் கர்வ் அந்த வழியில் வந்ததுதான்!

1954-ல் காமெட் ஜெட் விமானம் ரெண்டு, மூணு மாச இடைவெளியில் இத்தாலிக்குப் பக்கத்துக் கடலில் நடுவானில் சிதறி விழுந்தன. 35 பேர், 21 பேர்னு உள்ளே இருந்த அத்தனை பேரும் பலி. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வெச்சு, பறக்கும்போது வர்ற காற்றழுத்தத்தை மறுபடி மறுபடி கொடுத்துப் பார்த்தாங்க. நிஜத்தில் பறந்ததையும் சேர்த்து 3,057-வது சுற்றில் உடம்பு கிழிஞ்சது. விரிசல் கிளம்பினது திறப்பின் மூலைகிட்ட! விமான ஜன்னல்களின் மூலை வளைவா இருக்கிறதுக்குப் பின்னால் இருப்பதும் இந்த சங்கதிதான். கூரான மூலையில் விசை குவியும்.

இனி உங்க மேட்டர். பைக்கில் கிளட்ச் கேபிளும் பிரேக் கேபிளும் லிவர் பக்கத்தில்தான் ஒவ்வொரு இழையா அறும். பிடிக்கும்போது சொரசொரன்னு இருந்தா, நாளைக்குப் பார்ப்போம்னு தள்ளாதீங்க. பேனாக்கத்தி வெச்சிருந்தா துரு ஏறாம ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. பிளேடு ஆடினாலோ, 'டக்' தளர்ந்தாலோ ஓரங்கட்டிடுங்க. லாக் இல்லாத கத்தியில் குத்துற வேலை வேண்டவே வேண்டாம். உடைஞ்ச ஸ்பிரிங்கை வெல்டு வைக்கவும் முடியாது. சூட்டில் அதோட டெம்பரே போயிடும்.

அப்பாவுக்குப் போன் பண்ண ரெண்டு நாள் தைரியம் வரலை. மூணாம் நாள் சொன்னேன். ''விரல் இருக்குல்ல?'' என்றார் முதல்ல. அப்புறம், ''உடையறதுக்கு முன்னாடி சத்தம் மாறியிருக்குமேடா, கவனிக்கலியா?'' யோசிச்சுப் பார்த்தேன். உண்மைதான். ஒரு மாசமாவே அந்த 'டக்' கொஞ்சம் மந்தமாத்தான் இருந்துச்சு. நான்தான் காதுல வாங்கலை.

அப்போதான் இன்னொண்ணும் உறைச்சது. போன லீவுல அப்பா ஏணியில் நின்னு சீலிங் ஃபேன் மாட்டும்போது, வலது கையை இடது கையால தாங்கித் தூக்கிட்டிருந்தார். கேட்டதுக்கு ''ஒண்ணுமில்ல, களைப்பு''ன்னார். அதே 25 வருஷம், அதே கை! ''உங்க சத்தமும் மாறியிருக்குப்பா''ன்னு சண்டை போட்டு டாக்டர்கிட்ட அனுப்பினேன். தோள்பட்டைத் தசைநாரில் வீக்கமாம். ஆறு வாரம் தலைக்கு மேல கையைத் தூக்கக் கூடாதுன்னு கண்டிஷன். இப்ப வலி குறைஞ்சிருக்கு.

இரும்புக்கு எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாலும் விழுந்த விரிசல் தானா மூடாது. மனுஷங்களுக்கு அந்த வசதி இருக்கு. நேரத்தோட கவனிக்கணும், அவ்ளோதான்.

உங்க வீட்டுல யாரோட சத்தம் மாறியிருக்கு? இன்னிக்கு நைட்டு போன் பண்ணும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்களேன்!